ஒரு மணி நேர கரண்ட்டும் ஒரு மதர்போர்டும்

2008 ஜூன் மாதம். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே அரை ஏக்கர் மல்லிகை வைத்திருப்பவரின் மகன், எஞ்சினியரிங் இரண்டாம் வருடம் போகப்போகிறவன், சட்டை உள்பாக்கெட்டில் பதினெட்டாயிரம் ரூபாயோடு மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறான். வைகாசி முகூர்த்தங்களில் பூ நல்ல விலைக்குப் போன பணம் பாதி, அம்மா எடுத்த சீட்டுப் பணம் மீதி. அதில் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். மானிட்டர், ஹார்டு டிஸ்க், கேபினட், கீபோர்டு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் கணக்கு.

சும்மா கேம்ஸ் விளையாடுவதற்கு இல்லை. சித்தப்பா மகன் திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். டேப்பில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து டிவிடியாக்கிக் கொடுத்தால் ஒரு கல்யாணத்துக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்லியிருந்தார். அது வந்தால் பஸ் செலவு, பரீட்சை ஃபீஸ் எல்லாம் வீட்டில் கேட்காமல் சமாளிக்கலாம். எடிட்டிங் வேலையில் உட்கார்ந்து வெட்டுகிற நேரத்தைவிட, கடைசியில் "என்கோட்" போட்டுவிட்டு அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற நேரம்தான் அதிகம் (செய்தவர்களுக்குத் தெரியும்!). அந்த நேரத்தைத் தீர்மானிப்பது ப்ராசஸர் வேகம். வேகமான ப்ராசஸருக்குக் காசு இல்லை. அங்கேதான் ஓவர்கிளாக் என்ற வார்த்தை அவன் வாழ்க்கையில் நுழைந்தது... மணிக்கு இருபது ரூபாய் பிரவுசிங் சென்டரில்.

கடையில் போய் நின்றதும் கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி பட்ஜெட் எவ்வளவு. இரண்டாவது கேள்வி கிடையாது, நேராகப் பதில்தான்.

"ஒரிஜினல் போர்டு போட்ருங்க தம்பி. மூணு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர மாட்டீங்க."

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்களுக்கு இந்த "ஒரிஜினல் போர்டு" ஞாபகம் இருக்கும். இன்டெல் நிறுவனமே தன் பெயரில் விற்ற மதர்போர்டுக்குக் கடைகளில் வைத்த பெயர் அது. அப்படியென்றால் கிகாபைட், அசுஸ், எம்.எஸ்.ஐ. எல்லாம் டூப்ளிகேட்டா என்று யாரும் கேட்டதில்லை. நல்ல போர்டுதான், குறை சொல்ல முடியாது. மூன்று வருட வாரண்டி, தொந்தரவு இல்லாமல் ஓடும். ஆனால் சாதாரண இன்டெல் போர்டுகளின் பயாஸைத் திறந்தால் தேதி, நேரம், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பது வரைதான் நம் கைக்கு. ப்ராசஸர் வேகத்தைத் தொட இடமே இருக்காது. ப்ராசஸரை விற்கிற கம்பெனி, அதைக் காசு கொடுக்காமல் வேகமாக்கிக்கொள்கிற வழியைத் தன் போர்டிலேயே ஏன் வைக்கப்போகிறது! (பெரிய விலையில் விற்ற சில "எக்ஸ்ட்ரீம்" போர்டுகளில் மட்டும் வைத்தார்கள்.) 2013 ஜனவரியில் இன்டெல் இந்த டெஸ்க்டாப் போர்டு தொழிலிலிருந்து வெளியேறப்போவதாக அறிவித்தது. "ஒரிஜினல்" என்ற வார்த்தையும் கடைகளிலிருந்து மெதுவாகப் போய்விட்டது.

ஓவர்கிளாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். போர்டு கொடுக்கிற அடிப்படைத் துடிப்பு ஒன்று, ப்ராசஸருக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிற பெருக்கும் எண் இன்னொன்று. அன்றைக்கு அவன் கண் வைத்திருந்தது பென்டியம் டூயல் கோர் இ2160. அதற்கு 200 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு, பெருக்கும் எண் 9. ஆக 1800, அதாவது 1.8 கிகாஹெர்ட்ஸ். ஒன்பதை மாற்ற முடியாது. 200-ஐ மாற்றலாம், போர்டு அனுமதித்தால். 266 என்று வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ். 333 என்று வைத்தால் 3.0. அவ்வளவுதான் மந்திரம்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சந்தேகம் வரும். ஒரே மாதிரி அச்சில் வார்த்த சிப்புகளில்தான் ஒன்றை 1.8 என்றும் இன்னொன்றை அதற்கு மேலும் முத்திரை குத்தி வேறு வேறு விலைக்கு விற்கிறார்கள். தயாரிப்பு நன்றாகக் கைக்கு வந்துவிட்டால் மலிவான சிப்பும் அதிக வேகம் தாங்குவதாகவே இருக்கும். மலிவான சரக்கும் வேண்டும் என்பதால் குறைந்த எண்ணை எழுதி அனுப்புவார்கள். இதில் பெரிய புராணமே 1998-இல் வந்த செலரான் 300ஏ. 66-ஐ 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். 149 டாலர் சிப், அதே நாளில் 669 டாலருக்கு வந்த பென்டியம் 2-இன் பக்கத்தில் போய் நின்றது. அபிட் என்ற தைவான் கம்பெனியின் பிஎச்6 போர்டில் ஜம்பரைப் பிடுங்கி மாட்டாமல் பயாஸிலேயே இதைச் செய்யலாம் என்பதால் அந்த போர்டுக்கும் பெயர் வந்தது. இ2160-உம் அதே ஜாதி. 2007-இல் வெளிவந்தபோது 84 டாலர். அதே வருடம் 3.0 கிகாஹெர்ட்ஸில் வந்த கோர் 2 டுவோ இ6850 266 டாலர். (கேஷ் நினைவகம் 1 எம்பி எங்கே, 4 எம்பி எங்கே. 3.0-க்கு ஏற்றினாலும் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடாது. ஆனால் கல்யாண வீடியோவுக்கு அந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை.)

சரி, போர்டுக்கு வருவோம்.

வெளிநாட்டு ஆசாமிகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது பி35 சிப்செட். கிகாபைட் பி35-டிஎஸ்3எல், அபிட் ஐபி35-இ இரண்டும் "மலிவான ஓவர்கிளாக் போர்டு" என்று கொண்டாடப்பட்டவை. பி35 முறைப்படியே 333 துடிப்புக்குக் கட்டப்பட்டது. அதனால் இ2160-ஐ 3.0-க்குக் கொண்டுபோனாலும் போர்டுக்கு அது அன்றாட வேலைதான். இன்னொரு வசதி, 333-இல் ஒன்றுக்கு ஒன்று என்று ராமை வைத்தால் டிடிஆர்2-667 போதும். விலை உயர்ந்த ராம் தேவையில்லை.

ஆனால் அங்கே மலிவு என்பது இங்கே மலிவு இல்லை. பி35-இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். போர்டு விலை வித்தியாசத்தோடு அதையும் கூட்டினால் பதினெட்டாயிரத்தில் மானிட்டர் காணாமல் போய்விடும். பட்டியலைப் பார்த்துக் கனவு கண்டுவிட்டுக் கடையில் கணக்குப் போடும்போது அழுகிற இடம் இதுதான். மிஞ்சியது ஜி31. உள்ளே கிராபிக்ஸ் உண்டு. டேப்பிலிருந்து வீடியோ ஏற்றுகிற ஃபயர்வயர் கார்டு சொருக பிசிஐ ஸ்லாட்டும் உண்டு. 266 துடிப்பை முறைப்படியே தாங்கும். ஜி31 போர்டிலேயே கடையில் மூன்று இருந்தன. ஒன்று ஒரிஜினல். இன்னொன்று அதைவிட மலிவு, பயாஸில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் துடிப்பை மாற்ற இடம் உண்டு, ஒரிஜினலைவிட இருநூறு ரூபாய் அதிகம்.

"எதுக்குத் தம்பி வம்பு. எரிஞ்சு போச்சுன்னா வாரண்டி தர மாட்டான். சென்னைக்கு அனுப்பி, வந்து சேர ஒரு மாசம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சென்னை ரிச்சி தெருவில் இருக்கிறவன் ஒரு போர்டு போனால் பக்கத்துக் கடையில் பேரம் பேசிக்கொள்வான். இங்கே ஒரு போர்டு போனால் ஒரு மாதம் கல்யாண வேலை போச்சு, அப்பா முகத்தில் முழிக்க முடியாது. அவன் பத்து நிமிடம் யோசித்துவிட்டு அந்த மூன்றாவதைத்தான் எடுத்தான். மிச்சப் பணத்தில் யூபிஎஸ் வாங்க வழியில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

(ஒரிஜினல் போர்டு வாங்கியவர்களுக்கும் ஒரு குறுக்கு வழி இருந்தது. ப்ராசஸரின் அடியில் இருக்கிற சில புள்ளிகளைக் கடத்தும் மை தடவியோ டேப் ஒட்டியோ மாற்றிவிட்டால், போர்டு அதை 266 துடிப்பு சிப் என்றே நம்பிவிடும். கை நடுங்குகிறவர்கள் செய்யக்கூடாத வேலை.)

வீட்டில் முதல் நாள் கேபினட்டைத் திறந்து வைத்திருந்தபோது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். ப்ராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கிற குட்டி டப்பாக்களைக் காட்டி, "இது கண்டன்சர்தானே?" என்றார். கிணற்று மோட்டாரில் எத்தனை தடவை கண்டன்சர் மாற்றியிருப்பார்!

அவர் கை வைத்த இடம்தான் போர்டில் முக்கியமான இடம் என்பது மகனுக்கு அப்போது தெரியாது. எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். ப்ராசஸர் கேட்பது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் இருந்து அதை மாற்றிக் கொடுப்பதை வி.ஆர்.எம். என்பார்கள். மாஸ்ஃபெட், காயில், கெப்பாசிட்டர் மூன்றும் சேர்ந்த கூட்டம். வோல்ட் குறைய ஆம்பியர் ஏறும். 1.25 வோல்ட்டில் 100 வாட் கொடுக்க வேண்டுமென்றால் 80 ஆம்பியர்! விரல் நுனி அளவு பாகங்கள் வழியாக அவ்வளவு கரண்ட் ஓடுகிறது. வேகத்தை மட்டும் ஏற்றினால் மின்சாரம் அதே விகிதத்தில் ஏறும். 1.8-இலிருந்து 2.4 என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதற்கு மேலே போக வோல்ட்டேஜையும் ஏற்ற வேண்டிவரும், அங்கேதான் ஆபத்து. வோல்ட்டேஜ் வர்க்கத்தில் கணக்காகும். 3.0-க்குப் போய் வோல்ட்டேஜை 1.3-இலிருந்து 1.4 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம். மலிவான போர்டில் இரண்டு மூன்று காயில்கள்தான் இருக்கும், மாஸ்ஃபெட் மேல் ஒரு அலுமினியத் தகடுகூட இருக்காது.

அவன் 3.0-க்கு ஆசைப்படவில்லை. வோல்ட்டேஜைத் தொடாமல் 266 என்று மட்டும் மாற்றினான். பயாஸில் எண்ணை மாற்றி எஃப்10 அழுத்திவிட்டு ஸ்கிரீன் கறுப்பாக இருந்த அந்த நாலைந்து நொடிகளில் அவன் நினைத்தது சீட்டுப் பணத்தை. விண்டோஸ் வந்தது. 2.4. பிரைம்95 ஓட்டிவிட்டுத் தூங்கினான். காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக் கிடந்தது.

250-க்குக் குறைத்தான். மறுநாள் இரவும் ரீஸ்டார்ட். 233... அதிலும் போனது. ஒரு வாரத்தில் கடைக்கார அண்ணன் சொன்னதே சரி, தான் வாங்கிய போர்டு ஓட்டை என்று முடிவு கட்டி 200-க்கே கொண்டுவந்துவிட்டான். அன்றைக்கும் இரவில் ரீஸ்டார்ட்! ஓவர்கிளாக்கே இல்லாதபோது ஏன்?

கண்டுபிடித்தது அப்பா. விவசாயத்துக்கு மும்முனை கரண்ட் பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம் விடுவார்கள். எப்போது வரும் என்று விழித்துக் காத்திருக்க முடியாதென்று எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருப்பார்கள். கரண்ட் வந்த நொடியில் அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மோட்டார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பும். வீட்டு பல்பு ஒரு கணம் மங்கித் தெளியும். "மோட்டார் எடுக்கிறப்பதான் உன் பெட்டி அணையுது, பார்க்கலையா?" என்றார். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அந்த ஒரு கண இறக்கத்தைத் தாங்கவில்லை. ஸ்டிக்கரில் 450 வாட் என்று இருந்தது. ஸ்டிக்கருக்கு என்ன, ஆயிரம் என்றுகூட எழுதலாம்.

முதல் இரண்டு கல்யாணக் காசு யூபிஎஸ்ஸுக்கும் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போனது. திரும்ப 266. அதற்குப் பிறகு பிரைம்95 ராத்திரி முழுக்க ஓடியது. போர்டைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் பிரவுசிங் சென்டரில் கிடந்தவன், அந்த போர்டுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இன்றைக்கும் புதிதாக வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

அடுத்த பிரச்சினை 2009 மே மாதம் வந்தது. கத்திரி வெயில். மதுரைப் பக்கம் வெளியே நாற்பது டிகிரியை ஒட்டிப் போகும்போது ஓட்டு வீட்டுக்குள் முப்பத்தெட்டுக்குக் குறையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு என்கோட் போட்டால் பாதியில் உறைந்து நின்றது. இணையத்தில் வருகிற போர்டு விமர்சனங்களில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் நமக்காக எழுதுவதில்லை. அவர்கள் சோதிப்பது 22, 24 டிகிரி அறையில். ஹீட்சிங்க் செய்வதெல்லாம் அறை வெப்பத்துக்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான். அங்கே மாஸ்ஃபெட் 85 டிகிரி என்றால் இங்கே கிட்டத்தட்ட 100. அந்தக் கண்டன்சர்களின் கதை இன்னும் மோசம். உள்ளே திரவம் வைத்த கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. வெளிநாட்டுக்காரன் போர்டு எட்டு வருடம் வந்தால் அதே போர்டு நம் வெயிலில் மூன்று, நாலு. 2000-க்குப் பிறகு சில வருடங்கள் உலகம் முழுக்க மட்டமான கெப்பாசிட்டர்கள் வீங்கி வெடித்த கூத்துக்குப் பிறகுதான் திரவம் இல்லாத "சாலிட்" கெப்பாசிட்டர்களை போர்டு கம்பெனிகள் பெட்டி மேலேயே பெரிதாக அச்சடிக்க ஆரம்பித்தன. அது விளம்பரம் என்று ஒதுக்கக்கூடாத ஒரு விளம்பரம்.

அவன் செய்தது ரொம்ப எளிமை. கேபினட் பக்கத் தகடைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான் (தமிழ்நாட்டு லிக்விட் கூலிங்!). கத்திரி முடியும்வரை மத்தியான வேலை இல்லை. மாதம் ஒருமுறை செம்மண் தூசியை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினான்.

2011 ஜனவரியில் இன்டெல் இந்த வாசலையே சாத்திவிட்டது. சாண்டி பிரிட்ஜ் என்று வந்த புதிய ப்ராசஸர்களில் அடிப்படைத் துடிப்பு 100-தான். அதே துடிப்பில்தான் யுஎஸ்பி, ஹார்டு டிஸ்க் இணைப்பு எல்லாமே தொங்கியது. ஐந்து சதவீதம் ஏற்றினாலே மற்றவை தடுமாறும். ஓவர்கிளாக் வேண்டுமா, பெயரின் கடைசியில் "கே" போட்ட விலை கூடிய ப்ராசஸரும் அதற்கென்று விலை கூடிய பி67 போர்டும் வாங்கு என்றார்கள். காசில்லாதவனின் குறுக்கு வழியாக இருந்தது காசுள்ளவனின் சலுகையாகிவிட்டது. வியாபாரமாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் 84 டாலர் சிப்பைத் தேடிப் போன கூட்டத்துக்கு அதற்குப் பிறகு இன்டெல் பக்கம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தப் பழைய ஜி31 போர்டு தன் சம்பளத்தை வாங்கியது 2012-இல்.

அந்த வருடத்து மின்வெட்டைத் தென்மாவட்டங்களில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேரம். மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அக்டோபர், நவம்பர் வந்தபோது ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. படிப்பை முடித்துவிட்டு அவன் முழுநேரமாக எடிட்டிங்கில் இறங்கியிருந்தான். ஐப்பசி முகூர்த்தங்கள் வேறு. ஒரு டிவிடிக்கான என்கோட் 1.8 கிகாஹெர்ட்ஸில் 75 நிமிடம். 2.4-இல் 56 நிமிடம். முன்பு அது ஒரு டீ குடித்து வருகிற வித்தியாசம். இப்போது அது முடிகிற வேலைக்கும் முடியாத வேலைக்கும் உள்ள வித்தியாசம்!

கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்தி, நாலு நிமிடம் பிந்தினாலும் சமாளிக்க யூபிஎஸ்ஸில் ஒரு பத்து நிமிட பாட்டரி இருந்தது. கூடப் படித்த நண்பன் ஒருவனும் அதே தொழிலில்தான் இருந்தான். அதே இ2160, ஒரிஜினல் போர்டு. அவனுக்கு 75 நிமிடம்தான். ஒரு மணி நேரமும் யூபிஎஸ் தாங்கும் நேரமும் சேர்ந்தாலும் எட்டாது. முதல் வாரம் மூன்று முறை 90 சதவீதத்தில் செத்தது. பிறகு அவன் வீடியோவை இரண்டாக வெட்டி இரண்டு தவணையில் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஆக, உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இவன் இரண்டு கல்யாணம் முடிக்க, அவன் ஒன்று முடித்தான். இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்த போர்டுக்கு இதைவிட என்ன கேட்க முடியும்?

அடுத்த போர்டு வாங்க 2019 ஆனது. நடுவில் ஏஎம்டி 2017-இல் ரைசனோடு திரும்பி வந்து வேறு வழியில் வாசலைத் திறந்திருந்தது. ஏறக்குறைய எல்லா ரைசன் ப்ராசஸர்களுக்கும் பெருக்கும் எண் பூட்டு கிடையாது. பூட்டு போர்டில்தான். ஏ320 என்ற மட்டமான சிப்செட்டில் முடியாது, பி350-இல் முடியும், அதற்குப் பிறகு வந்த பி450-இலும் முடியும். இந்த முறை அவன் முதலில் பார்த்தது வி.ஆர்.எம். மேலே கனமான ஹீட்சிங்க் இருக்கிறதா, ப்ராசஸர் கரண்ட்டுக்கு நாலு முள்ளா எட்டு முள்ளா என்பதைத்தான். விளக்கு எரிகிற போர்டுகளை எல்லாம் தள்ளிவிட்டு எம்.எஸ்.ஐ. பி450 டொமஹாக் மேக்ஸ் என்ற போர்டில் வந்து நின்றான். அதோடு ஆறு கோர் ரைசன் 5 2600.

வேடிக்கை என்னவென்றால், ஓவர்கிளாக் செய்து பார்த்தபோது பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2600 தானாகவே 3.9 வரை போகும். கையால் இழுத்தால் நாலுக்குக் கொஞ்சம் மேலே. முன்பு முப்பத்து மூன்று சதவீதம் சும்மா கிடைத்த இடத்தில் இப்போது நாலைந்து சதவீதம், அதற்கு வெப்பம் தனி. முன்பு நாம் திருடிக்கொண்ட அந்த மிச்ச வேகத்தை இப்போது கம்பெனியே "பூஸ்ட்" என்ற பெயரில் எடுத்து விற்றுவிடுகிறது. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டான்.

ஆனால் போர்டுக்குக் கொடுத்த காசு வேறு விதத்தில் திரும்பி வந்தது. 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வருகிற ப்ராசஸர்கள் பி450-இல் வேலை செய்யாது என்று அறிவித்தது. பல பழைய போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பி-தான், எல்லா ப்ராசஸருக்கும் இடம் போதாது என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவர்கள் கத்திய கத்தில் அதே மாதத்திலேயே பின்வாங்கினார்கள். (மேக்ஸ் என்று பெயர் வைத்த போர்டுகளில் 32 எம்பி இருந்தது, அது அவன் அதிர்ஷ்டம்.) 2022-இல் எட்டு கோர் ரைசன் 7 5700எக்ஸ் வந்ததும் பயாஸை மாற்றி, பழைய ப்ராசஸரைக் கழற்றி இதைச் சொருகினான். அதே போர்டு, அதே ராம். மத்தியான வெயிலில் எட்டு கோரும் முழு வேகத்தில் ஓடும்போது அந்தக் கனமான ஹீட்சிங்க் என்ன வேலை செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கத்திரியில் இப்போது அவன் வேகத்தைக் கூட்டுவதில்லை. வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறான்.

இன்றைக்குக் கையில் அளவான காசோடு கடைக்குப் போகிறவர்களுக்கு நிலவரம் இது. ஏஎம்டி-யில் ஏ520, ஏ620, பி840 என்று எழுதிய போர்டுகளில் ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. பி550, பி650, பி850-இல் உண்டு. பி840-க்கும் பி850-க்கும் பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், கடையில் ஏமாந்துவிடாதீர்கள். இன்டெலில் பி760, பி860 எல்லாம் ராம் வேகத்தை மட்டும்தான் தொட விடும், ப்ராசஸருக்கு விலை கூடிய "இசட்" வரிசைதான். வாங்கினால், சோதனையை மார்கழியில் செய்து திருப்திப்படாதீர்கள். சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள்.

அந்தப் பழைய ஜி31? 2019-இல் கழற்றியபோது அப்பா கை வைத்துக் காட்டிய அந்த வரிசையில் இரண்டு கண்டன்சர்கள் தலை வீங்கியிருந்தன. திருமங்கலத்தில் டிவி ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணன் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். அப்பா பூ போடுகிற கமிஷன் கடையில் பில் போட அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்ப 200-க்கே இறக்கி, 1.8-இல்.